தலைக்கா, குடும்பத்துக்கா? மதிப்பீடா, கணக்கா? – வாசகர் கேள்வி-பதில்

நகரத்தில் மாதச் செலவு 6,996 ரூபாய் என்கிறது அரசுக் கணக்கெடுப்பு. எங்கள் வாடகைக்கே அது போதாது. யாரை ஏமாற்றுகிறார்கள்?

யாரையும் ஏமாற்றவில்லை. அது ‘தலா’ நுகர்வுச் செலவு. பெயரிலேயே இருப்பதைப் படிக்காமல் கோபப்பட்டால் எப்படி? 2023-24 கணக்கெடுப்பில் தலைக்கு நகரத்தில் சுமார் 7,000, கிராமத்தில் 4,100. நாலு பேர் வீடு என்றால் 28,000. சொந்த வீட்டுக்காரர்களுக்கு வாடகை மதிப்பு எதுவும் போடுவதில்லை என்பதால், சராசரியில் வாடகை சிறிதாகத்தான் தெரியும். ரேஷன் அரிசி போன்ற இலவசங்களுக்கு மதிப்புப் போட்ட கணக்கு தனியாக உண்டு. அதைச் சேர்த்தாலும் நகரத்தில் 80 ரூபாய், கிராமத்தில் 125 ரூபாய்தான் கூடுகிறது.

தனிநபர் வருமானம் ஏறக்குறைய 2 லட்சமாம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். 10 லட்சம் எங்கே?

நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்த எண் அது. கம்பெனி லாபமும் அதில் அடக்கம். வீட்டு வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள்.

ஆய்வேட்டுக்காக எங்கள் ஊரில் 60 வீடுகளில் வருமானம் கேட்கப் போகிறேன். கேள்வித்தாள் எப்படி அமைக்க?

வருமானம் கேட்காதீர்கள். கூலி வேலையும் விவசாயமும் உள்ள வீட்டில் அவர்களுக்கே சரியாகத் தெரியாது; தெரிந்தவர்கள் குறைத்துச் சொல்வார்கள். செலவைக் கேளுங்கள். காய்கறி, மீன், முட்டை, எண்ணெய்க்குக் கடந்த 7 நாள். அரிசி, பருப்பு, கரண்ட் பில், பஸ் செலவுக்கு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் தங்கிய செலவு, வாங்கிய சாமான்களுக்கு 365 நாள். பிறகு எல்லாவற்றையும் 30 நாளுக்கு மாற்றுங்கள். 7 நாள் கணக்கை நாலால் பெருக்குவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. 30-ஐ 7-ஆல் வகுத்தால் 4.29, நாலால் பெருக்கினால் 7 சதவீதம் காணாமல் போகும்.

சொந்த வயல் நெல்லுக்குக் கடை விலை போடாதீர்கள், களத்து விலை போடுங்கள். கடன் தவணை நுகர்வு ஆகாது. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். திருப்பூரில் தங்கி வேலை செய்யும் மகனைச் சேர்த்தால் தலைக்கணக்கு கெடும். எல்லா வீட்டுக்கும் பொங்கல் வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2025-26இல் மூன்று மடங்கு நிதி என்று ஒரு செய்தி, நிதி குறைப்பு என்று இன்னொன்று. எது உண்மை?

இரண்டிலும் எண்கள் சரி. ஒப்பிட்ட விதம்தான் தவறு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் இதே குழப்பம் நடப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டு தொடங்கும் முன் அறிவிப்பது பட்ஜெட் மதிப்பீடு; ஆண்டின் பிற்பகுதியில் அதை மாற்றிப் போடுவது திருத்திய மதிப்பீடு. 2024-25 பட்ஜெட் மதிப்பீடு சுமார் 70,000 கோடி. அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு 22,700 கோடி. 2025-26 பட்ஜெட் மதிப்பீடு 67,000 கோடி. திருத்தியதோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. பட்ஜெட் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 3,000 கோடி குறைவு. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அறிவித்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஏன் செலவாகவில்லை?

நூறு நாள் வேலைத் திட்டத்தில் இது தலைகீழாக நடந்தது. 2022-23இல் 73,000 கோடி அறிவித்து, திருத்திய மதிப்பீட்டில் 89,400 ஆக்கினார்கள். அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு 60,000 கோடிதான் அறிவித்தார்கள். அது 86,000 ஆனது. கேட்டவருக்கு வேலை தர வேண்டிய திட்டத்தில் தொடக்கத்தில் குறைத்து ஒதுக்கினால், நடு ஆண்டில் பணம் தீரும், கூலி பாக்கி விழும், அந்தப் பாக்கி அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை முதலில் விழுங்கும். வெயிலில் மண் வெட்டியவர் வாரக்கணக்கில் வங்கிக்கு நடந்தது இதனால்தான். இதைப் ‘பட்ஜெட் நுணுக்கம்’ என்று ஒதுக்குகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, துறையின் மானியக் கோரிக்கையை (துறை தன் செலவுக்குப் பணம் கேட்டு அவையில் வைக்கும் பட்ஜெட் ஆவணம்) எடுத்து ஐந்தாண்டுக்கு மூன்று கட்டங்களையும் எழுதுங்கள்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. ஒரே கட்டத்தை ஒரே கட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். உண்மைச் செலவு இரண்டாண்டு பிந்தித்தான் வரும். 2023-24க்கு உரியது 2025-26 ஆவணத்தில் இருக்கும். விலைவாசி 5 சதவீதம் ஏறியிருந்தால் 100 கோடி 105 ஆனது உயர்வே அல்ல. திட்டங்களை இணைத்திருக்கிறார்களா, பெயர் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடன் வாங்கியதை வரவில் காட்டலாமா?

வரி போன்ற வருவாய் வரவில் அல்ல, மூலதன வரவில்தான் காட்ட வேண்டும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் 50.65 லட்சம் கோடி செலவுக்கு 15.7 லட்சம் கோடி கடன். அதுவே நிதிப் பற்றாக்குறை. வட்டி மட்டும் ஏறக்குறைய 12.8 லட்சம் கோடி. இவையும் பட்ஜெட் மதிப்பீடுகள்தாம்.

பன்முக வறுமை 11 சதவீதம் என்றால் மீதி 89 பேரின் வருமானம் வறுமைக் கோட்டுக்கு மேலா?

அந்தக் குறியீட்டில் வருமானமே கிடையாது. ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, வங்கிக் கணக்கு என 12 அளவைகள். ஒவ்வோர் அளவைக்கும் அதன் முக்கியத்துவப்படி மதிப்பெண் போட்டு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது கிட்டாமல் இருந்தால் ஏழை. 2022-23க்கான 11 சதவீதம், பழைய போக்கை நீட்டிக் கணித்தது. வீடு வீடாக எடுத்த கணக்கின்படி கிடைத்தது 2019-21இன் 15 சதவீதம். மேற்கோள் காட்டுவதானால் அதைக் காட்டுங்கள், ஆண்டையும் சேர்த்து.