டீச்சரம்மா பதில்கள்: வரமும் நாற்காலியும்

திருச்சபைத் தேர்தல் காலம் வந்துவிட்டது என்பதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வருகிற தபாலைப் பார்த்தாலே போதும். சுரண்டையிலிருந்து திசையன்விளை வரை, சபையில் யாருக்கு வரம், யாருக்குப் பதவி என்கிற ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தும் சகோதரர் ஒருவர் அந்நியபாஷையில், அதாவது ஆவியின் வரத்தால் வருகிற புரியாத மொழியில், பேசுவார். பேசாதவர்களுக்கு ஆவி இல்லை என்கிறார். இப்போது சேகரக் கமிட்டிக்கு (ஒரு ஆயரின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) நிற்கிறார். "அபிஷேகம் பெற்றவரை எதிர்க்காதீர்கள்" என்று நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். ஓட்டுப் போடலாமா, போட்டால் தப்பா, போடாவிட்டால் தப்பா?
*வாக்காளர் ஒருவர், நாங்குநேரி பக்கம்*

இதில் இரண்டு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். முதலில் அதை அவிழ்ப்போம்.

அந்நியபாஷை நம் சீமைக்கு நேற்று வந்த சரக்கு இல்லை. 1860-ல் இங்கே ஒரு பெரிய எழுப்புதல், அதாவது பக்தி விழிப்பு, வந்தது. பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் என்பவர் கிறிஸ்தியான்பேட்டையில் நடத்திவந்த சபையில்தான் அது தொடங்கியது. அங்கே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்ததாக அந்தக் காலத்துக் கடிதங்கள் சொல்கின்றன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக எல்லாரும் சொல்கிற லாஸ் ஏஞ்சலஸ் கூட்டம் நடந்தது 1906-ல். அதற்கு 46 வருஷம் முந்தியே நம் பனங்காட்டுப் பக்கம் இதைப் பார்த்தாயிற்று. ஆகவே "இதெல்லாம் நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு (சி.எஸ்.ஐ.) ஒத்துவராது" என்று மூக்கைச் சுளிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் பேசாதவனுக்கு ஆவி இல்லை என்பது எங்கே எழுதியிருக்கிறது? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 12-ம் அதிகாரத்தின் கடைசியில், எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று பவுலே கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அது. 14-ம் அதிகாரத்தில் இன்னும் கறாராக இருக்கிறார். பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அதுவும் ஒருவர் பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஆள் வேண்டும். இல்லையென்றால் சபையில் வாயை மூடிக்கொண்டு தனக்கும் கடவுளுக்கும் தெரியப் பேசிக்கொள்ளட்டும். நானே உங்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பேசுகிறேன், ஆனாலும் சபையில் பதினாயிரம் வார்த்தையைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்று சொன்ன மனிதர் அவர். உங்கள் சகோதரரின் கூட்டத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அர்த்தம் சொல்கிறவர் யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

என் அப்பா உபதேசியாராக இருந்த ஊரில் ஒரு கிழவி இருந்தார். விடியற்காலம் விளைக்குள் தனியாக உட்கார்ந்து அந்நியபாஷையில் ஜெபிப்பார் என்று ஊருக்கே தெரியும். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பெண்கள் சங்கத்துக்குப் பொருளாளராகப் போடுவோம் என்று சிலர் போய்க் கேட்டபோது, "எனக்கு நூறுக்கு மேல எண்ணத் தெரியாது, வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். தன்னிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஆளை அப்புறம் நான் எந்தக் கமிட்டியிலும் பார்க்கவில்லை.

சரி, இப்போது கமிட்டி. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 3-ம் அதிகாரத்தில் கண்காணி என்கிற சபை மேற்பார்வையாளருக்கும் உதவிக்காரருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தெளிந்த புத்தி, உபசரிக்கும் குணம், பண ஆசை இல்லாமை, குடிப்பழக்கம் இல்லாமை, சொந்த வீட்டை ஒழுங்காக நடத்துதல், புதிதாகச் சேர்ந்தவனாக இல்லாமை. கண்காணிக்குப் போதிக்கும் திறமை வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அற்புதம், பாஷை, தரிசனம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நாம் யாருமே பார்ப்பதில்லை. சபைக்கு வெளியே இருக்கிறவர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருக்க வேண்டுமாம். ஆகவே கடைத்தெருவில் விசாரியுங்கள். உரக்கடைக்காரர் என்ன சொல்கிறார்? இவரிடம் சீட்டு கட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்கள் இந்துவோ முஸ்லிமோ, அவர்கள் சாட்சியும் இந்தத் தேர்தலில் செல்லும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்த கதையையும் வாசியுங்கள். பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு. தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். அதாவது, யார் பாதிக்கப்பட்டோம் என்று சொன்னார்களோ, பெரும்பாலும் அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. நம் ஊரில் முறையிட்ட தெருக்காரனை அடுத்த கமிட்டியில் சேர்ப்போமா? அவன் சங்கக் காணிக்கை பாக்கி என்று வாக்காளர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவோம்.

நோட்டீஸில் இருக்கிற வசனம் 105-ம் சங்கீதத்திலிருந்து வருகிறது. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நிலமில்லாமல் தேசம் விட்டுத் தேசம் அலைந்தபோது, ராஜாக்கள் அவர்களைத் தொட்டுவிடாதபடி கடவுள் சொன்ன சொல் அது. ஏழைப் பரதேசியைக் காப்பாற்றச் சொன்ன வசனத்தை, கேள்வி கேட்கிறவன் வாயை அடைக்கப் பிடிப்பது நியாயமில்லை. ஓட்டு உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் அந்த நோட்டீஸ் அடிக்கக் காசு கொடுத்தது யார் என்று முதலில் கேட்பேன்.

திடப்படுத்தல் வகுப்பில் இருக்கிறேன். உபதேசியார், டீக்கன், ஆயர், பேராயர் என்ன வித்தியாசம்?
*மாணவி, மெஞ்ஞானபுரம்*

உபதேசியார் குருப்பட்டம் பெறாதவர். கிராமத்தில் தினமும் காலை மாலை ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, வியாதியஸ்தரைப் பார்ப்பது அவர் வேலை. குருப்பட்டத்தின் முதல் படி டீக்கன். அடுத்து ஆயர், நம் பாட்டிமார் 'ஐயர்' என்று சொல்வார்கள். திருவிருந்து நடத்த அவர் வேண்டும். பல சேகரங்கள் சேர்ந்த ஒரு திருமண்டலத்துக்கு மேற்பார்வை பேராயர். திருநெல்வேலி தனித் திருமண்டலமானது 1896-ல். அதற்கு முன் நாம் மதராஸ் பேராயரின் கீழ் இருந்தோம்.

உபதேசியார் என்றால் கடைசி ஆள் என்று நினைத்துவிடாதே அம்மா. பாளையங்கோட்டைச் சபையை ஆரம்பத்தில் வளர்த்த சத்தியநாதன் உபதேசியாராக வந்தவர்தான். அவருக்குத் தஞ்சாவூரில் குருப்பட்டம் கொடுத்தது 1790-ல். அதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருஷமாக வேதபாடம் எடுக்கிறேன். ஒரு ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்யும்படி ஆயர் ஐயா கேட்டிருக்கிறார். "பொம்பள பிரசங்கபீடத்துல ஏறினா நான் கோயிலுக்கே வரமாட்டேன்" என்கிறார் மாமனார். என்ன செய்வது டீச்சரம்மா?
*மருமகள், சாத்தான்குளம் பக்கம்*

உங்கள் மாமனார் இருக்கிற திருநெல்வேலிச் சபையின் வரலாறே ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. 1778-ல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். 1785-ல் அங்கே எழும்பிய கோயில் அவர் முயற்சியில் கட்டப்பட்டது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஜனங்கள் சொன்னார்கள். இங்கே ஒரு போதகர் வேண்டும் என்று தஞ்சாவூருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவரும் அவர்தான். அவருக்கு எந்தப் பட்டமும் யாரும் கொடுக்கவில்லை.

வேதத்தை எடுத்துக்கொண்டால், பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவை வீட்டுக்கு அழைத்துத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தது பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். பெண்கள் சபையில் பேசாமல் இருக்கட்டும் என்ற வசனத்தை மாமனார் எடுப்பார், எடுக்கட்டும். அதே நிருபத்தில் 11-ம் அதிகாரத்தில் பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் முக்காடு போட வேண்டும் என்று இருக்கிறது. வாயே திறக்கக்கூடாது என்றால் முக்காடு எதற்கு? இந்த வசனங்களை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும் சபைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் மாமனார் அங்கத்தினராக இருக்கிற சி.எஸ்.ஐ. 1976-லேயே பெண்ணுக்கு ஆயர் பட்டம் கொடுத்துவிட்டது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மா பேராயராகவும் ஆகிவிட்டார்.

இவ்வளவையும் அவரிடம் ஒப்பிக்காதீர்கள். வாதத்தில் தோற்ற மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம். சனிக்கிழமை ராத்திரி பிரசங்கத்தை எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இரண்டு திருத்தமாவது சொல்லுவார். அதில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வரி பீடத்திலிருந்து வருகிறதா இல்லையா என்று பார்க்காமல் அவரால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

வெளியூரிலிருந்து வந்த தீர்க்கதரிசி ஒருவர், என் மகளுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று தரிசனம் சொன்னார். அது நிறைவேற விதைக் காணிக்கை என்று முன்கூட்டியே பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
*ஒரு தாய், களக்காடு*

கொடுக்காதீர்கள்.

பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று ஆதிச்சபைக் காலத்துச் சிறு நூல் ஒன்று உண்டு. அதன் கையெழுத்துப் பிரதி 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றுகிற ஊழியர்களை எப்படிச் சோதிப்பது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். வருகிறவர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை சாப்பிட அப்பம் கொடுங்கள், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. அந்தக் காலத்திலேயே இப்படி எழுத வேண்டியிருந்தது என்றால் எத்தனை பேர் வந்து மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ண வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறது. மகளின் வேலை விஷயத்தில் சோதிக்க வேண்டியது ஏஜென்ட்டின் லைசென்ஸையும் விசாவையும்.

வரங்களைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாள் ஒன்றை வாலிபர் கூட்டத்தில் கொடுத்தார்கள். எனக்குத் 'தலைமைத்துவம்' என்று வந்தது. ஆனால் மைக்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. தாள் சரியா, நான் சரியா?
*கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை*

தாளைப் பத்திரமாக மடித்து வை தம்பி, அதற்கு அவசரமில்லை. ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4 என்று நான்கு இடங்களில் வரங்களைப் பற்றி வருகிறது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. முழுப் பட்டியல் கொடுப்பது எழுதியவர்களின் நோக்கமே இல்லை என்று தெரிகிறது. அப்படியிருக்க, கேள்வித்தாள் எந்தப் பட்டியலை வைத்து மார்க் போட்டது?

தலைமை என்றால் மைக் என்று உனக்கு யார் சொன்னது? கொரிந்தியர் 12-ல் 'ஆளுகைகள்' என்று ஒரு வரம் போகிற போக்கில், அந்நியபாஷைக்கு முன்னால் வருகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையன்று ஆக்குப்புரைக்கு, அதாவது சமையல் கொட்டகைக்கு, போ. எத்தனை கிடாரம் அடுப்பில் ஏற வேண்டும், எந்தப் பந்தியோடு குழம்பு தீரும், உப்பை யார் கையில் கொடுக்கக்கூடாது, இவ்வளவும் ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கும். அவர் சத்தம் போடமாட்டார். ஆனால் அவர் ஒரு வருஷம் வராவிட்டால் கடைசிப் பந்திக்குச் சோறு இருக்காது. அவரைக் கூப்பிட்டு வரங்களைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொன்ன வாலிபர் கூட்டம் ஒன்று இருந்தால் எனக்கு எழுது, நான் வந்து கேட்கிறேன்.

உன் வரம் இன்னதென்று உனக்கு முன்னால் மற்றவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, கிராமத்து ஆயரின் மகன், ஒய்.எம்.சி.ஏ.யில் வேலை பார்த்தார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். அப்போது அவருக்குக் குருப்பட்டம் கிடையாது. நம் ஜனங்களின் காசிலேயே தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரி அனுப்பினார்கள். அவருக்குக் குருப்பட்டம் 1909-ல், தோர்னக்கல் பேராயர் பதவி 1912-ல். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். வேலை முதலில் வந்தது, நாற்காலி ஒன்பது வருஷம் கழித்து வந்தது. நீ அடுத்த அசனத்துக்கு ஆக்குப்புரையில் பெயர் கொடு. கை நடுங்குகிறதா என்று அங்கே பார்ப்போம்.

நீண்ட காலமாகச் சபைச் செயலராக இருக்கிறேன். விலகலாம் என்று பார்த்தால், "உங்களை விட்டால் ஆள் இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
*ஓய்வுபெற்ற தபால்காரர், அம்பாசமுத்திரம் பக்கம்*

உங்களை விட்டால் ஆள் இல்லை என்றால், அந்தக் குறை சபையில் மட்டும் இல்லை ஐயா. எபேசியர் 4-ல் மேய்ப்பரையும் போதகரையும் கொடுத்திருப்பது, மற்ற விசுவாசிகளை வேலைக்குத் தயார் பண்ணுவதற்காக என்றுதான் இருக்கிறது. இந்த வருஷமே இரண்டு இளவட்டங்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பெண் பிள்ளை இருக்கட்டும், கணக்கு சுத்தமாக இருக்கும். மினிட்ஸ் நோட்டை அவர்களே எழுதட்டும். தப்பாக எழுதினாலும் நீங்கள் பேனாவைப் பிடுங்காதீர்கள்.

வருஷக் கடைசியில் ஐயாவுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு விலகுங்கள். பெட்டிச் சாவி, பாஸ்புக், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை எல்லாவற்றையும் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கி ஒரு நகலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.