ஒற்றை மஞ்சளையும் அடுக்குச் சிவப்பையும் கலந்து புதிய செம்பருத்தி வகையை உருவாக்க முடியுமா?

கேள்வி கேட்டவரிடம் மஞ்சள் நிற ஒற்றைச் செம்பருத்தி ஒன்றும் சிவப்பு அடுக்குச் செம்பருத்தி ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் கலந்து தமக்கென ஒரு புதிய வகையை உருவாக்க முடியுமா, அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருக்கிறார். முடியும். மகரந்தம் தொட்டு வைக்கும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். விதை போட்டு முதல் பூவைக் காண ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை பிடிக்கும். அந்தப் பூச்செடியை ஒரு வகை என்று சொல்லத் தகுமா என்று தீர்மானிக்க அதற்கு மேலும் மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். ஏழு ஆண்டுகளாக இதைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். என் கையில் இதுவரை 112 நாற்றுகள் பூத்திருக்கின்றன. அவற்றில் இன்று நான் வைத்திருப்பவை நான்கு. கலப்பதைவிடக் கழிப்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நாற்றுகளைக் கழிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், நாம் தொட்டியில் வளர்க்கும் செம்பருத்தி ஏற்கெனவே ஒரு பெருங்கலப்பு என்பதுதான். லின்னேயஸ் 1753-இல் அதற்குச் சீன ரோஜா என்று பொருள்படும் அறிவியல் பெயரை இட்டார் என்றாலும், காட்டில் தானாக வளரும் செடியாக அது எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. 1820-களில் மொரீசியஸ் தீவில் சார்லஸ் டெல்ஃபேர் என்ற தாவரவியலாளர் அங்குள்ள சிற்றினம் ஒன்றோடு அதைக் கலந்தார். பிற்காலத்தில் ஹவாய், ஃபிஜி, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களின் சிற்றினங்களும் இந்தக் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தன. இதன் விளைவாகக் குரோமோசோம் எண்ணிக்கையே வகைக்கு வகை பெரிதும் மாறுபடுகிறது. ஒரே காயில் விளைந்த பத்து விதைகளை ஊன்றினால் பத்துச் செடிகளும் பத்து விதமாகப் பூக்கும். பல சேர்க்கைகள் காயே பிடிக்காமல் போவதற்கும் இதுவே முக்கியமான காரணம்.

உங்கள் இரண்டு செடிகளில் மஞ்சளையே தாய்ச்செடியாக, அதாவது மகரந்தத்தை ஏற்றுக் காய்க்கும் செடியாக, வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குப் பூவில் கூடுதலாகத் தெரியும் இதழ்களில் பல, உண்மையில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறியவை. அதனால் மகரந்தம் குறைவாக இருக்கும், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியும் சில பூக்களில் உருக்குலைந்து காணப்படும். இருந்தாலும் உள்ளடுக்கு இதழ்களின் ஓரங்களை விலக்கிப் பார்த்தால் மஞ்சள் பொட்டுகள் போல நாலைந்து மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம், ஒரு காலைக்கு அவை போதும். ஆனால் எங்கும் வேலிச்செடியாக வளர்க்கப்படும் பழைய சிவப்பு வகைகள் பலவும் காய்ப்பதே அரிது. உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்து, பத்துப் பதினைந்து முறை முயன்றும் பலிக்காவிட்டால், வேறொரு தந்தைச்செடியைத் தேடுவதே நல்லது.

பூ ஒரே நாள் வாழ்வது என்பதால் விரிந்த அன்று காலையிலேயே வேலையை முடிக்க வேண்டும். நடுவிலிருந்து நீண்டு வரும் குழலின் பக்கங்களில் மகரந்தத் தாள்கள் முடிமுடியாக நிற்கும். அதன் நுனியில் ஐந்து சிறு கிளைகளும் ஒவ்வொன்றின் தலையிலும் வெல்வெட்டு போன்ற ஒரு திண்டும் இருக்கும். அந்தத் திண்டுதான் சூல்முடி. சூல்முடி மேலேயும் மகரந்தம் கீழேயும் இருப்பதால் தன்மகரந்தச் சேர்க்கை தானாக நடக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆயினும் நான் முந்தைய மாலையில் அரும்பின் இதழ்களைச் சற்றே பிரித்து மகரந்தப்பைகளைச் சிறு இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுகிறேன். காலையில் தந்தைப் பூவைக் காம்போடு பறித்து வந்து, அதன் மகரந்தம் ஐந்து திண்டுகளிலும் படும்படி மெல்லத் தடவினால் போதும், தூரிகைகூடத் தேவையில்லை. செம்பருத்தியின் மகரந்தத் துகள் மிகப் பெரியது. சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே உருண்டை உருண்டையாகத் தெரியும், உடம்பெல்லாம் முள் வைத்திருப்பதால் சூல்முடியின் மயிர்களில் அப்படியே பற்றிக்கொள்ளும். கடும் வெயில் காலத்தில் நான் தொட்டவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. இதமான பருவத்தில் தொட்டவையே நின்றன.

பூ வாடி விழுந்த பிறகு காம்பு மஞ்சளாகிக் கழன்றால் அது பலிக்கவில்லை. புல்லிவட்டம் பச்சையாகவே நின்று, ஒரு வாரத்துக்குப் பின் உள்ளே சிறு மொட்டுப் போலப் புடைத்தால் காய் பிடித்திருக்கிறது, ஆனால் அதிலும் பாதி பிஞ்சிலேயே உதிரும். இரண்டு மாதத்தை ஒட்டிக் காய் பழுப்பேறி ஐந்தாக வெடிக்கும். வெடிக்கும் முன்பே ஒரு வலைத்துணிப் பையைக் கட்டிவிட வேண்டும். விதையின் தோல் கெட்டியானது; ஓரத்தில் இலேசாகச் சுரண்டி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஒன்றிரண்டு வாரங்களில் முளைக்கும்.

தொட்ட அன்றே காம்பில் ஒரு சீட்டைக் கட்டித் தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் தேதியோடு எழுதுங்கள். அதையும் பென்சிலால் எழுதுங்கள். மூன்றாம் ஆண்டில் நான் மைப்பேனாவால் எழுதியிருந்த சீட்டுகள் வெயிலில் முழுவதும் வெளுத்துப்போயின. என்னிடம் இருப்பவற்றிலேயே மிக அழகான பூ, காப்பிப் பொடி நிறத்தில் நடுவில் வெளிர் ஊதாக் கண்ணுடன் பூப்பது, அந்த ஆண்டின் நாற்றுதான். அதன் தந்தை எது என்பது எனக்குத் தெரியாது, அதே சேர்க்கையை மறுபடி செய்து பார்க்க வழியும் இல்லை.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பிறக்கும் முதல் தலைமுறையில் நீங்கள் பெரும்பாலும் சிவப்பையும் மங்கலான ஆரஞ்சையும்தான் காண்பீர்கள், ஏனெனில் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டின் மேல் படிந்து அதை மூடிவிடும். மறைந்த மஞ்சளும் அடுக்கும் வெளிப்பட, உடன்பிறந்த நாற்றுகளைத் தமக்குள்ளோ மஞ்சள் தாயோடோ மீண்டும் கலக்க வேண்டியிருக்கும். ஆகவே கற்பனையில் கண்ட பூவுக்கு இரண்டு தலைமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பூவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். முதல் பூ சிறுத்தோ கோணலாகவோ வரலாம். நிறமும் வெப்பநிலையைப் பொறுத்து அவ்வளவு மாறும், குளிர்ந்த நாளில் கருஞ்சிவப்பாக நின்ற பூவே கோடையில் வெளிறிய செங்கல் நிறமாகிவிடும். எல்லாப் பருவங்களிலும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பூவின் அழகை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். அரும்பு உதிராமல் நிற்கிறதா, காம்பு பூவைத் தாங்குகிறதா, தலை கவிழ்கிறதா, கிளை அடர்ந்து பிடிக்கிறதா, மாவுப்பூச்சி வந்தால் செடி மீள்கிறதா என்பவை முன்னால் வருகின்றன. ஓர் ஆண்டு ஆசையாக வளர்த்த செடியைப் பிடுங்கி எறிவது எளிதன்று, இருந்தாலும் இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் அடுத்த விதைக்குத் தொட்டி இருக்காது.

தப்பிப் பிழைத்த நாற்றைப் போத்து வெட்டி நட்டோ ஒட்டுக் கட்டியோ பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு செடியாக இருக்கும்வரை அது நாற்றுதான். பெருக்கிய செடிகள் எல்லாம் ஒன்றுபோலப் பூத்து, ஏற்கெனவே உள்ள வகைகளிலிருந்து தெளிவாக வேறுபட்டால்தான் அதை வகை என்கிறோம். செம்பருத்தி வகைகளின் பெயர்ப் பதிவை உலக அளவில் ஆஸ்திரேலியச் செம்பருத்திச் சங்கம் கவனிக்கிறது. அங்கே பெயரைப் பதிவதால் ஒரே பெயர் இரண்டு வகைகளுக்கு வராமல் இருக்குமே தவிர, விற்பனை உரிமை கிடைக்காது. உரிமை வேண்டுமென்றால் அவரவர் நாட்டின் பயிர் வகைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சட்டங்கள் பொதுவாகப் புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைப்புத்தன்மை ஆகிய நான்கையும் கேட்கும். நெடுநாள் முன்பே விற்கப்பட்டுவிட்ட வகை புதுமை என்ற தகுதியை இழந்துவிடும் என்பதால், அந்த எண்ணம் உள்ளவர்கள் செடியை விற்கத் தொடங்கும் முன்பே விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

என்னுடைய நான்கில் எதற்கும் நான் இன்னும் பெயர் வைக்கவில்லை. காப்பிப் பொடி நிறப் பூவுக்குச் சீட்டில் 31 என்ற எண் மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து வெட்டி நட்ட போத்துகளில் பத்துக்கு இரண்டுதான் வேர் பிடித்தன. வீரியமுள்ள பழைய சிவப்பு வகையின் மீது இந்தப் பருவத்தில் ஆறு ஒட்டுகள் கட்டியிருக்கிறேன், அவற்றில் நான்கு துளிர்த்திருக்கின்றன.