உணவைக் குறைத்தும் எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, விட்டுவிடலாமா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டச் சாலையில் தினமும் நடந்து, சோற்றையும் குறைத்து, இரண்டு மாதத்தில் 3 கிலோதான் இறங்கியது என்கிறீர்கள். விடாதீர்கள் அக்கா, இது நல்ல வேகம்தான்.

முதல் வாரங்களில் மளமளவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் ஒரு கிராம் கிளைக்கோஜனோடு (சர்க்கரைச் சத்தின் சேமிப்பு வடிவம்) சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். அது போனபின் கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். உடல் இளைக்க இளைக்க அதற்குத் தேவையான சக்தியும் குறைகிறது; அதனால் வேகம் இன்னும் தணியும். புதிதாகப் பயிற்சி செய்யும் தசைகளும் சில நாள் தண்ணீரைப் பிடித்துவைக்கும். தினமும் தராசில் ஏறி மனம் நோக வேண்டாம், வாரம் ஒருமுறை காலையில் போதும். இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

அப்புறம், கடையில் இனிப்பான பால் தேநீரான தே தாரேவுக்குப் பதில், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள். ஓயாத களைப்பும் மலச்சிக்கலும் இருந்தால், எடை மெதுவாக இறங்கத் தைராய்டு சுரப்பு குறைவும் காரணமாக இருக்கலாம்; கிளினிக்கில் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள்.