எலி, கெண்டை, வலு

கேள்வி: சாயங்காலமானால் என் அம்மாவுக்குக் கண்ணிமை தொங்கிவிடுகிறது. பாதிச் சாப்பாட்டிலேயே தாடை ஓய்ந்து, மெல்ல முடியாமல் நிறுத்திவிடுகிறார். நரம்பியல் மருத்துவர் ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயரே பயமுறுத்துகிறது. என்ன பொருள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெயரைப் பிரித்துவிடுவோம், சகோதரி.

முதலில் வரும் ‘மய்’ கிரேக்க மொழியில் தசையைக் குறிக்கும். அங்கே தசைக்கும் எலிக்கும் ஒரே சொல். லத்தீனில் ‘மஸ்குலஸ்’ என்றாலும் சிற்றெலிதான். ‘மசில்’ அதிலிருந்து வந்தது. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோலப் புடைக்கிறதல்லவா, அதனால் வந்த பெயர் என்பார்கள். நம்மவர்கள் முழங்காலுக்குக் கீழே திரண்ட சதையில் மீனைக் கண்டார்கள், கெண்டைக்கால் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

‘ஸ்தெனோஸ்’ என்றால் வலு. கலிஸ்தெனிக்ஸ் என்ற உடற்பயிற்சியின் பெயரிலும் இருப்பது இதுதான். முன்னால் நிற்கும் ‘அ’, அநீதி, அதர்மம் என்பவற்றில் வருவதுபோல இன்மையைச் சொல்கிறது. ஆக, தசை வலுவின்மை. ‘கிராவிஸ்’ என்றால் கடுமையானது. மருந்து இல்லாத காலத்தில் வைத்த பெயர். 1934இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டு, தொங்கிய இமை மேலெழுவதைக் காட்டினார். இன்று தரப்படும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.

தமிழில் ‘வலு’ என்றே சொல்லுங்கள். ‘வலி’யும் ஒரு காலத்தில் வலிமைதான், ‘வினைவலியும் தன்வலியும்’ என்று குறளில் வருவது அந்தப் பொருளில். இன்று வலி என்றால் நோவு. இந்த நோயில் பெரும்பாலும் நோவு இருக்காது, வலுதான் குறையும். நரம்பின் கட்டளை தசையில் போய்ச் சேரும் இடத்தை உடலின் எதிர்ப்புப் புரதங்களே அடைத்துவிடுகின்றன. வேலை செய்யச் செய்யத் தசை தளரும், ஓய்வெடுத்தால் தேறும். அம்மாவுக்குச் சாயங்காலத்தில் இமை தொங்குவது அதனால்தான்.

இயன்முறை மருத்துவராக இருந்த ஆண்டுகளில் என்னை வருத்திய சொல் ‘சத்தில்லை’. தலைவாரக் கை தூக்க முடியாத ஒரு பெண், போன இடத்திலெல்லாம் “உடம்பில் சத்தே இல்லை” என்று மட்டுமே சொன்னார். மாதக்கணக்கில் டானிக் குடித்தார். ஒருவரும் அவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அம்மாவை அப்படிச் சொல்ல விடாதீர்கள். எது முடியவில்லை, எந்த நேரத்தில், எத்தனை கவளத்துக்குப் பிறகு என்று சொல்லட்டும்.

நோயின் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் பையில் வையுங்கள். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதை மோசமாக்கும். பல் மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். விழுங்கும்போது புரையேறினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.