கொத்து பரோட்டா சத்தத்தில் தொடங்குங்கள்

கேள்வி: சார், நான் மதுரை செல்லூர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆடியோ எடிட்டிங் கற்க ஆசை. பழைய லேப்டாப்பில் ஆடாசிட்டி என்கிற எடிட்டிங் மென்பொருளைப் போட்டு, வீடியோக்களும் நிறையப் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பணம் கட்டி வகுப்பில் சேரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கை ஓடாததற்குக் காரணம், வெட்டி ஒட்ட உங்களிடம் சொந்தச் சத்தம் எதுவும் இல்லை என்பதுதான். ஆடாசிட்டி இலவசம், முதல் ஒரு வருடத்துக்கு அதுவே தாராளம். வேண்டுமானால் காதை மூடுகிற ஒயர் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், வெட்டும் இடம் பிசகும்.

ராத்திரி கொத்து பரோட்டா போடுகிற கடைக்குப் போங்கள். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ரெக்கார்ட் செய்யுங்கள். போனைக் கல்லுக்குப் பக்கத்தில் நீட்டாமல் ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். இரும்பு இரும்பில் விழுகிற வேகத்தை போன் மைக் தாங்காது. ஆடாசிட்டி திரையில் சத்தத்தைக் காட்டுகிற அலையின் உச்சி சீவிவிட்டது போல மட்டமாக நிற்கும். அப்படி உடைந்த சத்தத்தைப் பிறகு முழுசாக மீட்க முடியாது. போனில் சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கிற வேவ் (WAV) வசதி இருந்தால் அதில் பதியுங்கள். எம்பி த்ரீயை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் தரம் கொஞ்சம் போகும்.

வீட்டுக்கு வந்து அலையை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு அடியும் செங்குத்தாக எழும்புவது தெரியும். அதற்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். அலை நடுக்கோட்டைத் தொடுகிற இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். பகுதியைத் தேர்ந்து இசட் விசையை அழுத்தினால் ஆடாசிட்டியே விளிம்புகளை அந்த இடத்துக்கு நகர்த்தும்.

அப்புறம் தாளம். நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 0.6 நொடி. கனமான அடிகளை 0, 0.6, 1.2, 1.8 என்று வையுங்கள், இடையில் 0.3, 0.9 என லேசான அடிகள். இப்படியே எட்டு கனமான அடிக்கு 4.8 நொடி. அதைப் பிரதி எடுத்து ஒட்டினால் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு லூப் கிடைத்துவிடும். எல்லாம் துல்லியமாக உட்கார்ந்தால் உயிரே இருக்காது. ஒன்றிரண்டு அடிகளை 10, 20 மில்லி நொடி தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, வசனமே இல்லாமல் ஒரு காட்சி. மதுரைக்காரருக்குக் கதை தேடவா வேண்டும்? பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். பழைய ஓடு ஒன்றைக் கல்லால் உடைத்து ஒரு டிராக், கொலுசைக் குலுக்கி இன்னொன்று, தரையில் புளியங்கொட்டையைச் சிதறவிட்டு மூன்றாவது. ஓடு முதலில் வெடிக்கட்டும். கொலுசு ஒரு நூலிழை பிந்தட்டும். பரல்கள் உருண்டு மெல்ல அடங்கட்டும். திருமலை நாயக்கர் மஹாலில் நின்று பேசிப் பாருங்கள், குரல் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று. அந்த நினைவோடு ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலி, வையுங்கள், மூன்றுக்கும் ஒரே அளவாக. உடைவதற்கு முந்தைய அமைதியை வெறுமையாக விடாதீர்கள். ஆளில்லாத அறையை அரை நிமிடம் பதிந்து அடியில் ஓடவிட்டால்தான் அது அமைதியாகக் கேட்கும்.

மழை வேண்டுமென்றால் வைகைக்கரையில் போய்க் காத்திருக்க வேண்டாம். அம்மா அப்பளம் பொரிக்கும்போது போனை நீட்டினால் போதும். பேசும்படம் வந்த புதிதில் அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் படங்களுக்குச் சத்தம் சேர்த்த ஜாக் ஃபோலி செய்ததும் இந்த மாதிரி வேலைதான்.

மின்விசிறி இரைச்சலை நாய்ஸ் ரிடக்‌ஷனில் நீக்கலாம். இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு நொடியைக் காட்டிவிட்டு, 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். வெயில்தான், ஆனாலும் பதியும்போது விசிறியை நிறுத்துவதே மேல்.

சினிமாப் பாட்டை வெட்டிப் பழகுங்கள், தப்பில்லை. யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும்.

தாளம், காட்சி இரண்டும் முடிந்தபின் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம். ப்ராஜெக்ட் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துப்போய்ச் சொல்லித்தருபவரிடம் திறந்து காட்டுங்கள். எந்த நொடியில் எது எதை அமுக்குகிறது என்று அவர் சுட்டிக்காட்டினால் பணம் கட்டுங்கள். பாடத்திட்டத் தாளை மட்டும் நீட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.