பதிய வேண்டிய இடம்

கேள்வி: என் சின்னம்மா உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறார். சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்க எத்தனை ஃப்ளெக்ஸ், எத்தனை ஆட்டோ தேவைப்படும்?
– வாசகர், முசிறி

பதில்: மனதில் பதிந்தால் போதுமா? சீட்டில் பதிய வேண்டுமே! கிராமத்தில் 2019-லும் 2021-லும் வாக்குச்சீட்டும் முத்திரையும்தான். ஓர் ஆள் கையில் நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் இருக்கும். வெள்ளையிலும் ரோஸிலும் இருக்காது. காலமெல்லாம் இலைக்கோ சூரியனுக்கோ போட்டுப் பழகிய பாட்டி, ரோஸ் சீட்டில் அதைத் தேடிவிட்டு எதிலாவது குத்திவிட்டு வருவார்.

உங்கள் சின்னம்மாவுக்குக் கத்தரிக்காய் கிடைக்கிறது என்று வையுங்கள். ஃப்ளெக்ஸில் அது ஊதா நிறத்தில் ஆளுயரத்துக்குப் பளபளக்கும். சீட்டில் வெறும் கறுப்பு மை, சின்னஞ்சிறு படம். ஃப்ளெக்ஸில் பார்த்த கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடாது. ஆகவே வீட்டுக்கு வீடு எடுத்துப்போகும் தாளில் கறுப்பிலேயே, சிறிதாகவே அச்சடியுங்கள். அவர் பெயர், வரிசை எண், சின்னம் மட்டும் போதும். மற்ற வேட்பாளர் பெயர் கூடாது; தாளும் ரோஸ் நிறத்தில் இருக்கக் கூடாது; அச்சகத்தின் பெயரும் முகவரியும் அடியில் கட்டாயம்.

மடிப்பதையும் சொல்லிக்கொடுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. நீளவாக்கில் மடித்தால் ஈர மை அதே வரிசையில், அவர் பெயர்மேலேயே ஒட்டும். முதலிலேயே குறுக்கே மடித்தால் எதிராளியின் சின்னத்தில் போய் ஒட்டும். ஒட்டிய தடத்தில் ஸ்வஸ்திக் முத்திரையின் கைகள் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். எது குத்தியது, எது ஒட்டியது என்று அதை வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள். அதற்காகவே இந்த வடிவம். மை அப்பிவிட்டால் அதுவும் தெரியாது. ஐந்து ஓட்டில் வெற்றி தோல்வி முடிவாகும் ஊரில் இது விளையாட்டல்ல.

நாளும் குறைவு. 2019-ல் டிசம்பர் 19 வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம். முதல் கட்ட வாக்குப்பதிவு 27. 25 மாலை 5 மணியோடு பிரசாரம் சரி. முழுசாக ஐந்து நாள், கூட ஒரு பகல். முந்நூறு வீடு, வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 25 மணி நேரம். காலையில் நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் என்று நடந்தால் ஐந்து நாளில் முடியும். வேட்பாளரே நடக்க வேண்டும். ஆட்டோ மைக் தெருவைத் தாண்டும்போது வீட்டுக்குள் இருப்பவர் காதில் பாதிப் பெயர்தான் விழும்.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் கோபித்துக் கடிதம் போடுகிறீர்கள், போடுங்கள். தமிழ்நாட்டில் 2016 சட்டத்திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நோட்டீஸைப் பார்த்தால் கணவர் படம் பெரிதாக, ‘இன்னாரின் துணைவியார்’ என்று. மைக்கிலும் கணவர் பெயர்தான். வாக்குச்சீட்டில் கணவர் பெயர் எங்கே இருக்கிறது? எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மைக்கில் கேட்ட பெயரைத் தேடி ஏமாறுவார். உங்கள் சித்தப்பா எவ்வளவு நல்லவராகவும் இருக்கட்டும், நோட்டீஸில் அவர் படம் வேண்டாம். சின்னம்மா தன் பெயரைத் தன் வாயால் ஒவ்வொரு வாசலிலும் சொல்லட்டும்.

செலவு: 2019-ல் ஊராட்சித் தலைவருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய். முதல் நாளிலிருந்தே ரசீதைச் சேர்த்து வையுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்றாண்டு போட்டியிட முடியாது; தோற்றவருக்கும் அதே விதி. ஃப்ளெக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்தக் கறுப்பு மைத் தாளை இன்னும் இருநூறு அடியுங்கள்.