நான் அடைத்தேன், தங்கைக்குத் தள்ளுபடியா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். என் கல்விக் கடனை 2019இல் ஒரு டாலர் பாக்கியில்லாமல் அடைத்தேன். அதற்காக வீடு வாங்குவதைக்கூடத் தள்ளிப்போட்டேன். அரசுப் பள்ளி ஆசிரியையான என் தங்கைக்கோ, பத்து வருடம் தவணை கட்டியதும் மீதிக் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இது நியாயமா?

பதில்: வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடன் அடைத்தவருக்கு மனசு ஆறாதுதான். அதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் தங்கைக்குக் கிடைத்தது இனாம் அல்ல. அரசு வேலையிலோ லாப நோக்கற்ற அமைப்பிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சத்தை விட்டுவிடுகிறோம் என்று 2007இல் சட்டமே போட்டார்கள். அதை நம்பி ஆசிரியர்களும் நர்சுகளும் காத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து முதலில் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் நிராகரித்தார்கள். தாமதமாகவாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதைச் சலுகை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்வி பொருந்துவது, 2022இல் பைடன் அறிவித்த பொதுத் தள்ளுபடிக்கு. ஆளுக்கு 10,000 டாலர் வரை, ஏழை மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 வரை. உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் அதை ரத்து செய்தது. கல்லூரிப் பக்கமே போகாத ஒரு மெக்கானிக், பட்டதாரியின் கடனைத் தன் வரிப் பணத்தில் ஏன் சுமக்க வேண்டும்? உங்கள் வருத்தத்தைவிட இந்தக் கேள்வி கனமானது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே அளவில் தள்ளுபடி என்பதை என்னாலும் ஏற்க முடியவில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 6.8 சதவீத வட்டியில் 30,000 டாலர் கடன். மாத வட்டி மட்டுமே 170 டாலர். சம்பளம் குறைவு என்பதால் மாதம் 120தான் கட்ட முடிகிறது என்றால், பத்து வருடத்தில் 14,400 டாலர் கட்டியிருப்பார். அசலில் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. கட்டாத வட்டி 6,000 வேறு சேர்ந்திருக்கும். இவரைக் கடனைக் கட்டாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவருக்குத் தள்ளுபடி கொடுப்பது நியாயம். அதேபோல, பொய் சொல்லி மாணவர்களைச் சேர்த்து 2015இல் இழுத்து மூடிய கொரிந்தியன் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு 2022இல் கடன் ரத்தானதும் நியாயமே.

இன்னொன்று. கிரெடிட் கார்டு கடன் மிதமிஞ்சினால் திவால் மனு போட்டு மீளலாம். கல்விக் கடனுக்கு அந்த வாசல் கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. தாங்க முடியாத கஷ்டம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதைத் திறக்காமல், ஒரு முறை மட்டும் கடனை ரத்து செய்தால் அடுத்த வருடம் சேரும் பிள்ளை அதே வட்டியில்தான் மாட்டும். எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

சரி, உங்கள் வீட்டு விஷயம். இந்தப் பத்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு கட்டினாய் என்று தங்கையிடம் ஒரு தடவை கேளுங்கள். வாங்கிய தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறமும் மனசு ஆறவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.